கீறத் தெரிந்த வைத்தியர்: அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி

மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போன எவருக்கும் அந்தப் பட்டியல் மனப்பாடமாகியிருக்கும். மேடையேறும் பிள்ளை மூச்சு விடாமல் பெயர்களை அடுக்கும். இப்னு சீனா, அல்குவாரிஸ்மி, இப்னுல் ஹைதம், ஜாபிர் இப்னு ஹையான் என்று போய், சத்திரசிகிச்சையின் தந்தை அஸ்ஸஹ்ராவி என்று முடியும். சபை கைதட்டும். அந்தப் பெயருக்குரிய மனிதர் என்ன செய்தார் என்று பிள்ளையிடம் கேட்டால், ஏறக்குறைய 200 கருவிகளைக் கண்டுபிடித்தார் என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்டால் பிள்ளைக்கும் தெரியாது, எழுதிக் கொடுத்த ஆசிரியருக்கும் தெரியாது, கைதட்டிய எமக்கும் தெரியாது.

உண்மையில் அவர் 200 கருவிகளையும் கண்டுபிடிக்கவில்லை. அவற்றுள் பல, அவருக்கு முந்திய கிரேக்க வைத்தியர்களிடமிருந்து வந்தவை. சிலவற்றை அவர் திருத்தினார். சிலவற்றைத் தாமே புதிதாக ஆக்கினார். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது. அத்தனை கருவிகளையும் தமது நூலில் ஒவ்வொன்றாகப் படமாகக் கீறிக் காட்டினார். சத்திரசிகிச்சைக் கருவிகளை இவ்வளவு முறையாகப் படத்தோடு விளக்கும் நூல்களில், இன்று எமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று அவருடையது.

எமது பேச்சுத் தமிழில் கீறுதல் என்றால் படம் வரைதலும்தான், கத்தியால் வெட்டுதலும்தான். இரண்டு வகையிலும் கீறத் தெரிந்தவர் அஸ்ஸஹ்ராவி. அவர் ஏன் படம் கீறினார் என்பதை அறிந்தால், அந்தப் பெயரைக் கேட்டுக் கைதட்டுவதோடு எமது கடமை முடிந்துவிடாது என்பது விளங்கும்.

அரண்மனை நகரின் பிள்ளை

அவரது முழுப் பெயர் அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி. அன்சாரிகளின் வழித்தோன்றல் என்பதால் அல்அன்சாரி என்றும் அழைக்கப்பட்டார். ஸஹ்ராவி என்பது ஊர்ப்பெயர். அந்தலூஸின் உமையா கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான், குர்துபா நகருக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில், மலையடிவாரத்தில் 936ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம் மதீனதுஸ் ஸஹ்ரா. இந்த வைத்தியர் பிறந்த ஆண்டாகவும் பலர் அதே 936ஐத்தான் குறிப்பிடுகிறார்கள். நகரமும் மனிதரும் ஒன்றாக வளர்ந்தார்கள் என்றே சொல்லலாம்.

அக்காலத்துக் குர்துபா ஐரோப்பாவின் தலைசிறந்த நகரங்களில் ஒன்று. மூன்றாம் அப்துர் ரஹ்மானின் மகன் இரண்டாம் ஹகம் புத்தகப் பித்தர். கெய்ரோ, பக்தாத், டமஸ்கஸ் என்று ஆட்களை அனுப்பி நூல்களைச் சேகரித்தார். அந்தச் சூழலில்தான் அஸ்ஸஹ்ராவி வைத்தியம் கற்றார், வைத்தியம் பார்த்தார், கற்பித்தார்.

அவர் சிறுவராக இருந்த காலத்தில் குர்துபாவில் ஒரு சம்பவம் நடந்தது. கொன்ஸ்தாந்திநோபிளின் பைசாந்தியப் பேரரசர் கலீபாவுக்கு ஒரு நூலை அன்பளிப்பாக அனுப்பினார். டயஸ்கொரிடிஸ் என்ற பண்டைய கிரேக்க வைத்தியர் மூலிகைகளைப் பற்றி எழுதிய நூல் அது. ஒவ்வொரு செடியும் வர்ணத்தில் வரையப்பட்டிருந்தது. அந்த நூலின் அரபு மொழிபெயர்ப்பு பக்தாதில் முன்னரே ஆகியிருந்தது. ஆனால் பல மூலிகைகளுக்கு அரபுப் பெயர் தெரியாமல், மொழிபெயர்ப்பாளர் கிரேக்கப் பெயரையே அப்படியே விட்டிருந்தார். பெயரை வைத்துக்கொண்டு எந்தச் செடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிரேக்கம் வாசிக்கத் தெரிந்தவர் எவரும் குர்துபாவில் இல்லாததால், கலீபாவின் வேண்டுகோளின்படி 951ஆம் ஆண்டளவில் நிக்கொலஸ் என்ற துறவி அங்கிருந்து அனுப்பி வைக்கப்பட்டார். முஸ்லிம் வைத்தியர்களும், யூதரான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும், இந்தக் கிறிஸ்தவத் துறவியும் ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொரு மூலிகையையும் அடையாளம் கண்டார்கள். குர்துபாவைச் சேர்ந்த வைத்தியரும் வரலாற்றாசிரியருமான இப்னு ஜுல்ஜுல் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

வைத்திய நூலில் வெறும் பெயர் போதாது, கண்ணால் கண்டு அடையாளம் பிடிக்க வேண்டும் என்ற பாடம் அந்த நகரின் காற்றிலேயே இருந்தது. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர் அஸ்ஸஹ்ராவி.

முப்பது பாகங்கள்

அவரது வாழ்க்கையைப் பற்றிப் பிறர் எழுதியது மிகக் கொஞ்சம். அவர் மறைந்து ஏறத்தாழ இரண்டு தலைமுறைக்குப் பின் அல்ஹுமைதி எழுதிய அந்தலூஸ் அறிஞர் வரலாற்றில் சில வரிகள் இருக்கின்றன. மார்க்கப் பற்றும் கல்வியும் சிறப்பும் உடையவர், வைத்தியத்தில் முன்னணியில் நின்றவர், ஹிஜ்ரி 400க்குப் பின் மறைந்தார் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. பொதுவாக 1013ஆம் ஆண்டு அவரது மறைவாண்டாகக் கொள்ளப்படுகிறது. புகழ்பெற்ற மார்க்க அறிஞர் இப்னு ஹஸ்ம் அந்தலூஸின் பெருமைகளைப் பட்டியலிட்டபோது, இவருடைய நூலையும் அதில் சேர்த்துப் பாராட்டினார்.

ஆகவே அஸ்ஸஹ்ராவியை அறிய வேண்டுமானால் அவரது நூலுக்குள்தான் போக வேண்டும். கிதாபுத் தஸ்ரீஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நூல் 30 பாகங்கள் கொண்டது. 1000ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. தாமாக நூல்களைத் தேடித் தொகுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கானது என்ற கருத்து அதன் தலைப்பிலேயே இருக்கிறது. பெரிய நூலகம் இல்லாத, ஓர் ஊரில் தனியாக வைத்தியம் பார்க்கும் மனிதருக்கு இந்த ஒரு நூல் போதுமாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். மாணவர்களை அவர் தமது பிள்ளைகள் என்றே விளிக்கிறார்.

நூலின் பெரும் பகுதி நோய்களையும் மருந்துகளையும் பற்றியது. உணவு முறை, கலவை மருந்துகள், மருந்து தயாரிக்கும் விதம் எல்லாம் அதில் உண்டு. சத்திரசிகிச்சை கடைசியாக, முப்பதாவது பாகத்தில் வருகிறது. வைத்தியத்தின் மற்ற எல்லாவற்றையும் கற்ற பிறகே கத்தியைத் தொட வேண்டும் என்பதை அந்த ஒழுங்கே சொல்லிவிடுகிறது. அந்தப் பாகத்திலும் மூன்று பிரிவுகள். முதலாவது காய்ச்சிய இரும்பால் சுடும் சிகிச்சை. இரண்டாவது வெட்டுதல், தைத்தல், கல்லெடுத்தல், அம்பெடுத்தல் போன்றவை. மூன்றாவது முறிந்த எலும்பையும் பிசகிய மூட்டையும் பொருத்துதல்.

நான்கு தவறுகள்

முப்பதாவது பாகத்தின் முன்னுரை இன்று வாசித்தாலும் மனதை உலுக்கும். தமது காலத்தில், தமது நாட்டில் சத்திரசிகிச்சை அறிவு ஏறக்குறைய அழிந்துவிட்டது என்று வருந்துகிறார். உடலின் அமைப்பைக் கற்காதவர்கள் கத்தி பிடிப்பதே அதற்குக் காரணம் என்கிறார். பிறகு, தாம் அறிந்த தவறுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார்.

ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த கட்டியை ஒருவர் வெட்டினார். கழுத்திலுள்ள இரத்தக் குழாய்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. இரத்தம் பீறிட்டு, அந்தப் பெண் அவர் முன்னாலேயே விழுந்து இறந்தாள். இன்னொருவர் வயது முதிர்ந்த ஒருவரின் சலப்பையில் இருந்த பெரிய கல்லை எடுக்கப் போய், சலப்பையின் ஒரு துண்டையும் சேர்த்து எடுத்துவிட்டார். மூன்று நாட்களளவில் அந்த முதியவர் மரணித்தார். மூன்றாமவர் அதிகாரி ஒருவரிடம் சம்பளம் பெற்ற வைத்தியர். கால் முறிந்து காயமும் பட்டிருந்த ஓர் ஊழியருக்கு, காயத்துக்கு மேலேயே இறுக்கிக் கட்டுப் போட்டு, அவிழ்க்காமல் நாட்கணக்கில் விட்டுவிட்டார். கால் வீங்கியது. அஸ்ஸஹ்ராவி அழைக்கப்பட்டபோது கட்டை உடனே அவிழ்த்தார். வலி தணிந்தது. ஆனால் அழுகல் ஏற்கெனவே பரவிவிட்டிருந்தது. அந்த மனிதரைக் காப்பாற்ற முடியவில்லை. நான்காமவர் புற்றுக் கட்டியொன்றைக் குத்தி, அதை ஆறாத புண்ணாக்கினார்.

இந்த நான்கு பேரும் கெட்ட எண்ணத்தோடு செய்தவர்கள் அல்லர். நோயாளியைக் குணப்படுத்தவே போனார்கள். அறியாமை கொன்றது. அந்த அறியாமையை எப்படிப் போக்குவது என்ற கேள்விக்கு அவர் கண்ட பதில்களில் ஒன்றுதான் படம்.

படம் எதற்கு?

நூலைப் புரட்டினால் அவர் வேலை செய்யும் முறை தெரியும். முதலில் நோயைச் சொல்வார். பிறகு நோயாளியை எப்படி இருத்த வேண்டும், வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும், உதவியாளர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வார். அதன் பிறகு கருவி. அதன் நீளம், அகலம், எந்த உலோகம், நுனி கூரா மழுங்கலா என்பதைச் சொல்லிவிட்டு, வரிகளுக்கு நடுவிலேயே அதன் உருவத்தைக் கீறி வைப்பார். ஒரே கருவியில் பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று தேவையானால் மூன்றையும் தனித்தனியே காட்டுவார்.

தொண்டை வீக்கத்துக்கான அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியைச் சூரியனைப் பார்த்து இருக்க வைத்து, வாயைத் திறக்கச் செய்ய வேண்டும். உதவியாளர் வெள்ளியாலோ செம்பாலோ செய்த மெல்லிய தகட்டுக் கருவியால் நாக்கைக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது வீக்கம் கண்ணுக்குத் தெரியும். பிறகு கொக்கியால் பிடித்து, கத்தரிக்கோல் போன்ற வளைந்த கருவியால் வெட்ட வேண்டும். நாக்கை அழுத்தும் கருவிக்கும் ஒரு படம், வெட்டும் கருவிக்கும் ஒரு படம். இன்று எமது வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் பிள்ளையின் நாக்கை அழுத்திப் பார்க்கும் அந்தச் சிறு பலகையை நினைத்துப் பாருங்கள்.

சுடுகோல்களுக்கு அவர் குறிப்பிடும் வடிவங்கள் யாருக்கும் தெரிந்த பொருட்களை ஒத்தவை. ஒலிவ் பழம் போன்றது, ஆணி போன்றது, கத்தி போன்றது, பிறை போன்றது. எழுத்து வாசனை இல்லாத கொல்லனிடம் படத்தைக் காட்டினால் அவன் அதைச் செய்து தருவான். தங்கத்தால் செய்த சுடுகோலே சிறந்தது என்று முன்னோர் கூறியிருந்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. தங்கம் போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்பதை அதன் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம், சீக்கிரம் ஆறிவிடும், கூடுதலாகக் காய்ச்சினால் உருகிவிடும், ஆகவே இரும்பே வசதியானது என்று தமது அனுபவத்திலிருந்து சொன்னார். பணக்கார நோயாளிகளை மகிழ்விப்பதை விட, வேலை சரியாக நடப்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

பல்லில் படியும் காறையைச் சுரண்டுவதற்குப் பல வடிவக் கருவிகளைக் கீறியிருக்கிறார். பல்லின் உட்பக்கம், வெளிப்பக்கம், இடுக்கு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கருவி. ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் விதத்தையும் காட்டுகிறார். கட்டியைக் கீற வேண்டும், ஆனால் நோயாளி கத்தியைக் கண்டாலே நடுங்குகிறார் என்றால் என்ன செய்வது? விரல்களுக்கிடையில் மறைத்துப் பிடிக்கக்கூடிய சிறிய கத்திகளை அதற்கென்றே வடிவமைத்துக் கீறி வைத்தார். நோயாளியின் பயமும் வைத்தியரின் பொறுப்புத்தான் என்று அவர் கருதியதற்கு இது அடையாளம்.

கத்னா பற்றிய அத்தியாயம்

எமது வாசகர்களுக்கு மிகவும் நெருக்கமான அத்தியாயம் கத்னாவைப் பற்றியது. கிரேக்க வைத்தியர்களின் மதங்களில் அந்த வழக்கம் இல்லாததால், அவர்களுடைய நூல்களில் இதற்கு வழிகாட்டல் இல்லை என்று அஸ்ஸஹ்ராவி சொல்கிறார். ஆகவே தமது சொந்த அனுபவத்தால்தான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் காலத்தில் இதைச் செய்தவர்களிடம் இருந்த முறைகளை எல்லாம் ஒப்பிட்டார். சவரக்கத்தி, வளையம், நூல் கட்டுதல், கத்தரிக்கோல். சவரக்கத்தியால் வெட்டும்போது, மேல் தோல் வெட்டுப்பட்டு உள்தோல் தப்பிவிடலாம், அதனால் இரண்டாம் முறையும் வெட்ட நேர்ந்து பிள்ளைக்கு வேதனை கூடும் என்று விளக்கினார். நூலால் கட்டிவிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுவதே பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் கத்தரிக்கோலையும் கீறிக் காட்டினார்.

அதைவிட அருமையானது, பிள்ளையோடு நடந்துகொள்ளும் விதம். நூல் கட்டும் விளையாட்டுத்தான் இது என்று பிள்ளை நம்பும்படி பேச்சுக் கொடுத்து மகிழ்விக்க வேண்டும். கத்தரிக்கோலைச் சட்டைக் கைக்குள்ளோ காலுக்கடியிலோ மறைத்து வைக்க வேண்டும். பிள்ளையின் கண்ணில் அது படவே கூடாது. எமது ஊர்களில் ஒஸ்தா மாமா வரும் நாளில், கூரையைப் பார், அங்கே பறவை பார் என்று பிள்ளையின் கவனத்தைத் திருப்பிய வாப்பாமாரும் மாமாமாரும் தெரியாமலேயே பின்பற்றியது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் எழுதப்பட்ட அறிவுரையைத்தான்.

பெண் நோயாளிகளைப் பற்றியும் அவர் யோசித்திருக்கிறார். பெண்ணின் சலப்பையில் கல் இருந்தால் சிகிச்சை ஏன் கடினம் என்பதற்கு உடலமைப்புக் காரணங்களோடு, சமூகக் காரணங்களையும் சொல்கிறார். வெட்கத்தால் பெண்கள் ஆண் வைத்தியரிடம் வரத் தயங்குகிறார்கள், கைதேர்ந்த பெண் வைத்தியர்களோ அரிது. ஆகவே திறமையான மருத்துவிச்சி ஒருவரை அழைத்து, ஒழுக்கமுள்ள வைத்தியர் சொல்லச் சொல்ல அவர் செய்ய வேண்டும் என்று வழி காட்டுகிறார். பிரசவ அத்தியாயங்களில் மருத்துவிச்சிகளுக்குத் தேவையான கருவிகளையும் படமாகக் காட்டுகிறார். தாயின் உயிரைக் காக்கும் அறிவு வெட்கத்தின் பெயரால் தடைப்பட்டுவிடக் கூடாது என்ற கவலை அந்தப் பக்கங்களில் தெரிகிறது. அந்தக் கவலை இன்றும் எமக்குத் தேவைப்படுவதுதான் வருத்தம்.

தமது தவறையும் எழுதியவர்

மற்றவர்களின் தவறுகளைச் சொன்னவர் தமது வரம்புகளையும் மறைக்கவில்லை. ஒரு மனிதருக்குக் காலில் அழுகல் ஏற்பட்டது. வேதனை தாங்காமல் அவர் தமது பாதத்தைத் தாமே வெட்டிக்கொண்டு குணமடைந்தார். காலம் கடந்து, அதே நோய் கையில் வந்தது. அவர் அஸ்ஸஹ்ராவியிடம் வந்து கையை வெட்டிவிடும்படி மன்றாடினார். நோயாளியின் பலம் குன்றியிருந்ததால், வெட்டினால் இறந்துவிடுவார் என்று அஞ்சி அவர் மறுத்துவிட்டார். மனிதர் ஊருக்குத் திரும்பிக் கையை வெட்டுவித்துக்கொண்டு உயிர் பிழைத்தார். இந்தச் செய்தி அஸ்ஸஹ்ராவியின் காதுக்கு எட்டியது. அவர் அதை அப்படியே நூலில் எழுதி வைத்தார். தமது கணிப்புப் பிழைத்ததை மாணவர்கள் அறிய வேண்டும், அதனால் இன்னொரு நோயாளி பயன்பெற வேண்டும் என்பதே நோக்கம்.

வெற்றியையும் அதே அளவு அடக்கத்தோடுதான் எழுதுகிறார். ஓர் அடிமைப் பெண் தன் தொண்டையைத் தானே கத்தியால் வெட்டிக்கொண்டாள். அவர் போய்ப் பார்த்தபோது வெட்டிய இடத்தால் காற்று வந்துகொண்டிருந்தது. பெரிய இரத்தக் குழாய்கள் தப்பியிருந்தன. உடனே காயத்தைத் தைத்தார். குரல் மட்டும் சிறிது காலம் கம்மியிருந்தது. பிறகு அவள் பழைய நிலைக்குத் திரும்பினாள். மூச்சுக் குழாயை வெட்டித் திறப்பது உயிருக்கு ஆபத்தானதல்ல என்ற முடிவை இந்த ஒரு நோயாளியிடமிருந்து பெற்று, அதை மாணவர்களுக்குச் சொன்னார்.

இன்றைய வைத்தியத்தோடு வைத்துப் பார்த்தால் அவர் சொன்ன பலவும் காலாவதியானவை. எத்தனையோ நோய்களுக்குச் சூடு வைப்பதை அவர் பரிந்துரைத்தார். மயக்க மருந்தும் கிருமி பற்றிய அறிவும் இல்லாத காலம் அது. சத்திரசிகிச்சைப் பகுதியில் கணிசமானவை, ஏழாம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியரான ஈஜினா தீவின் பவுலுடைய நூலை அடியொற்றியவை. இவற்றைச் சொல்வதால் அவரது மதிப்புக் குறையாது. அந்நியரிடமிருந்து கற்று, தாம் கண்டதை அதில் சேர்த்து, பிழையைத் திருத்தி, அடுத்தவருக்குப் படத்தோடு விளக்கிக் கொடுத்தார் என்பதுதான் அவருக்குரிய உண்மையான புகழ்.

நகரம் அழிந்தது, நூல் பிழைத்தது

அவரது முதுமைக் காலத்தில் அந்தலூஸில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1010ஆம் ஆண்டளவில் மதீனதுஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. கட்டத் தொடங்கி முக்கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. அதன் கற்களைப் பிற்காலத்தவர் வேறு கட்டடங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். 1911இல் அகழ்வாராய்ச்சி தொடங்கும்வரை அது மண்ணுக்குள் கிடந்தது. 2018இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

கல்லால் கட்டியது போயிற்று. கடதாசியில் எழுதியது நின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலிடோவில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்ட் முப்பதாவது பாகத்தை லத்தீனுக்கு மொழிபெயர்த்தார். அபுல் காசிம் என்ற பெயர் லத்தீனில் அல்புகாசிஸ் ஆயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் பிரான்ஸின் பெரும் சத்திரசிகிச்சை ஆசிரியர் கை டி ஷோலியாக், 1363இல் முடித்த தமது நூலில் இவரை ஏறத்தாழ 200 தடவை எடுத்துக் காட்டினார். மருந்து தயாரிப்புப் பற்றிய இருபத்தெட்டாம் பாகம் 1471இலும், சத்திரசிகிச்சைப் பாகம் 1497இலும் வெனிஸில் அச்சாகின. 1778இல் ஒக்ஸ்போர்டில் அரபு மூலமும் லத்தீனும் ஒன்றாக வெளிவந்தன. 1973இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு அதே படங்களோடு வந்தது. எமக்கு அயலில், பாட்னாவின் குதா பக்ஷ் நூலகத்திலும் ஒரு பழைய கையெழுத்துப் பிரதி இருக்கிறது.

கையால் பிரதி எடுத்த காலத்தில் ஒரு சிக்கல் இருந்தது. எழுத்தைப் பிரதி செய்பவருக்குப் படம் கீறத் தெரிய வேண்டுமென்றில்லை. கருவியைக் கண்ணால் காணாத சிலர் தம் மனம் போனபடி கீறினார்கள். சில பிரதிகளில் எளிய கொக்கி அலங்காரப் பூவாக மாறியிருக்கிறது. விளங்காமல் பிரதி எடுத்தால், பார்க்க அழகாக இருக்கும், பயன்படாது. எமது மேடைப் பேச்சுகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் விளங்கிப் பிரதி எடுத்தவரும் இருந்தார். இன்றைய துருக்கியின் அமாஸியா நகர வைத்தியசாலையில் பணியாற்றிய ஷரஃபுத்தீன் சபுன்ஜுஓக்லு, ஏறக்குறைய எண்பது வயதில், 1465இல், அஸ்ஸஹ்ராவியின் சத்திரசிகிச்சைப் பாகத்தைத் தழுவித் துருக்கி மொழியில் ஒரு நூல் எழுதினார். தமது சொந்த அனுபவத்தையும் சேர்த்தார். அஸ்ஸஹ்ராவி பெரும்பாலும் கருவிகளையே கீறியிருந்தார். சபுன்ஜுஓக்லு ஒரு படி மேலே போய், வைத்தியர் எப்படி இருக்கிறார், நோயாளி எப்படிக் கிடக்கிறார், கை எங்கே பிடிக்கிறது என்பதை எல்லாம் வர்ணப் படங்களாகக் காட்டினார். அந்தப் படங்களில் பெண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும் பெண்களும் இருக்கிறார்கள். அறிவு நூல்களை அரபியில் எழுதுவதே கௌரவம் என்றிருந்த காலத்தில், அனதோலியாவின் வைத்தியர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக அவர் தாய்மொழியைத் தேர்ந்தெடுத்தார். நூலை சுல்தான் முஹம்மத் அல்ஃபாதிஹுக்கு அர்ப்பணித்தார்.

எமக்கு என்ன பங்கு?

உருவப் படங்களைப் பற்றி உலமாக்களிடையே நீண்ட கருத்துப் பரிமாற்றங்கள் உண்டு. அதற்குள் போக இந்தக் கட்டுரை முனையவில்லை. மார்க்கப் பற்றுள்ளவர் என்று வரலாறு சாட்சி சொல்லும் ஒருவர், உயிர் காக்கும் அறிவை விளக்குவதற்காகத் தூரிகையைக் கையில் எடுத்தார் என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

இன்று எமது வீடுகளில் வைத்தியத் தகவல் எப்படி வந்து சேருகிறது? யாரோ எழுதி, யாரோ பகிர்ந்து, எவரும் சரிபார்க்காத செய்தியாகக் கைத்தொலைபேசியில் வருகிறது. நீரிழிவுக்கு இந்த இலை, சிறுநீரகக் கல்லுக்கு அந்தச் சாறு என்று, அழகான படத்தோடும் வருகிறது. அஸ்ஸஹ்ராவியின் முன்னுரையில் வரும் நான்கு பேரையும் போல, பகிர்பவரும் நல்ல எண்ணத்தோடுதான் பகிர்கிறார். படம் இருப்பதால் மட்டும் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. அஸ்ஸஹ்ராவியின் படத்துக்குப் பின்னால் உடலமைப்புக் கல்வியும், நீண்ட அனுபவமும், தவறை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் இருந்தன.

எமது சமூகத்தில் வைத்தியர்களும், தாதியரும், படம் கீறத் தெரிந்த இளைஞர்களும், யுவதிகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால், ஒரு தாய்க்குப் பிரசவ கால ஆபத்தின் அறிகுறிகளை ஒரே பக்கத்தில் கீறிக் காட்டலாம். நோன்பு காலத்தில் நீரிழிவு நோயாளி எப்போது வைத்தியரை நாட வேண்டும் என்பதைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் எல்லோருக்கும் விளங்கும்படி வைக்கலாம். கத்னாவுக்குப் பின் காயத்தை எப்படிக் கவனிப்பது என்பதை வாப்பாவின் கையில் படமாகக் கொடுக்கலாம். குர்துபாவில் முஸ்லிமும் யூதரும் கிறிஸ்தவரும் ஒரு மேசையில் இருந்து மூலிகைப் படங்களைப் பார்த்தார்கள். இந்தக் காரியங்களுக்கு எமது நாட்டில் சகோதர சமூகத்து நிபுணர்களும் துணை வருவார்கள்.

அடுத்த மீலாத் மேடையில் அந்தப் பிள்ளை மீண்டும் அதே பட்டியலைச் சொல்லும். சொல்லட்டும். ஆனால் அஸ்ஸஹ்ராவியின் பெயர் வரும்போது, அவர் கீறிய கருவிகளில் ஏதேனும் ஒன்றைப் பிள்ளை தன் கையால் கீறிக்கொண்டு வந்து சபைக்குக் காட்டி, இது எதற்குப் பயன்பட்டது என்று இரண்டு வரியில் விளக்கட்டும். அந்தப் பிள்ளைகளுள் ஒருவராவது நாளை, தன் அறிவைத் தன் ஊருக்கு விளங்க வைக்கும் வைத்தியராக வருவார், இன்ஷா அல்லாஹ்.